பழைய லேண்ட்லைன் போனை இணையவழி அழைப்பில் இணைக்கும் முறை

செப்புக் கம்பி இணைப்பை விட்டு ஃபைபருக்கு மாறிய வீடுகளிலும் கடைகளிலும் பழைய தொலைபேசிக் கருவி பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது. கையடக்கமான அடாப்டர் பெட்டி ஒன்று இருந்தால் அதே கருவியை இணையவழி அழைப்புக்குப் பயன்படுத்தலாம். ஒரு பட்டன் போன், ஓர் அடாப்டர், ஒரு சிப் (SIP, இணையவழி அழைப்பை ஏற்படுத்தும் விதிமுறை) கணக்கு ஆகியவற்றை வைத்துக்கொண்டு முதல்முறையாக இந்த வேலையில் இறங்குபவருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. பெட்டிக்கு எடுத்துக்காட்டாக கிராண்ட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் எச்.டி.801 என்ற மாடலையும், எதிர்முனைக்கு எடுத்துக்காட்டாக ஆஸ்டரிஸ்க் மென்பொருளில் இயங்கும் ஃப்ரீபிபிஎக்ஸ் அலுவலக எக்ஸ்சேஞ்சையும் எடுத்துக்கொள்கிறேன். வேறு நிறுவனத்தின் பெட்டியாக இருந்தால் மெனுக்களின் பெயர் மாறும்; செய்ய வேண்டிய வேலை மாறாது.

பெட்டி தேவைதானா?

பிஎஸ்என்எல், ஏர்டெல், ஜியோ ஆகியவை வீட்டில் பொருத்தும் ஃபைபர் மோடம்கள் பலவற்றின் பின்புறத்தில், லேன் துளைகளுக்குப் பக்கத்தில், சற்றுச் சிறிய தொலைபேசித் துளை ஒன்று இருக்கும். இணைப்போடு உங்களுக்குத் தொலைபேசி எண்ணும் தந்திருந்தால், போனின் ஒயரை அதில் செருகினாலே போதும். இக்கட்டுரையில் சொல்லப்போகும் அமைப்புகள் அனைத்தையும் நிறுவனமே அந்த மோடத்துக்குள் செய்து வைத்திருக்கும். அலுவலகத்தின் ஐபி எக்ஸ்சேஞ்சில் உங்கள் போனும் ஓர் எக்ஸ்டென்ஷனாக (உள் எண்ணாக) இருக்க வேண்டும் என்றாலோ, சிப் சேவை தரும் வேறொரு நிறுவனத்திடம் எண் வாங்கியிருந்தாலோ, மோடத்தில் அந்தத் துளையே இல்லை என்றாலோதான் தனிப் பெட்டி தேவைப்படும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது துளையின் வகை. எஃப்.எக்ஸ்.எஸ். என்று குறிப்பிடப்படும் துளை போனுக்கு மின்சாரமும் மணியும் கொடுப்பது. போனை அதில்தான் செருக வேண்டும். எஃப்.எக்ஸ்.ஓ. என்பது எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைனை வாங்கிக்கொள்வது. எச்.டி.801 பெட்டியில் எஃப்.எக்ஸ்.எஸ். துளை ஒன்றும், எச்.டி.802 பெட்டியில் இரண்டும் உண்டு, எச்.டி.813 பெட்டியில் இரு வகையிலும் ஒவ்வொன்று இருக்கும். ஒரே ஒரு போனுக்கு எச்.டி.801 போதுமானது. அழகான விலையில் கிடைக்கிறதே என்று ஏதோ ஒரு நிறுவனத்தின் சேவைக்கு மட்டும் பூட்டப்பட்ட பழைய பெட்டியை வாங்கிவிடாதீர்கள். அதில் வேறு சர்வரின், அதாவது அழைப்புகளைக் கையாளும் எக்ஸ்சேஞ்சின் அல்லது சிப் சேவை நிறுவனத்தின் கணினியின், முகவரியைப் போட முடியாமல் போகலாம்.

எக்ஸ்சேஞ்ச் செய்துவந்த வேலை

அடுத்து வரும் படிகள் விளங்க வேண்டுமானால், பழைய எக்ஸ்சேஞ்ச் அந்த இரண்டு செப்புக் கம்பிகள் வழியே என்னவெல்லாம் செய்தது என்று தெரிந்திருக்க வேண்டும். ரிசீவர் வைக்கப்பட்டிருக்கும்போது அது லைனில் சுமார் 48 வோல்ட் டி.சி. மின்னழுத்தத்தை நிறுத்தி வைத்திருந்தது. ரிசீவரை எடுத்ததும் சுற்று பூர்த்தியாகி மின்னோட்டம் பாய்வதைக் கண்டு டயல் டோன் கொடுத்தது. அழைப்பு வரும்போது விநாடிக்கு 20 முதல் 25 முறை மாறும் உயர் மின்னழுத்தத்தை அனுப்பி மணியை அடித்தது. அழுத்திய எண்களைப் புரிந்துகொண்டது. அழைப்பவரின் எண்ணையும் அனுப்பியது. இவை அத்தனையையும் இப்போது மேசை மேலிருக்கும் சின்னப் பெட்டிதான் செய்கிறது. அதோடு, உங்கள் குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து எண்களாக்கி, பெரும்பாலும் 20 மில்லிவிநாடிக்கு ஒரு பாக்கெட் (சிறு தரவுப் பொட்டலம்) வீதம் இணையத்தில் அனுப்பும் கூடுதல் வேலையும் அதனுடையதே.

இதில் புதியவர்கள் தவறாமல் இடறும் இடம் ஒன்று உண்டு. செப்புக் கம்பிக் காலத்தில் டயல் டோன் கேட்டால் எக்ஸ்சேஞ்ச் வரை லைன் நன்றாக இருக்கிறது என்று பொருள். இப்போது டயல் டோனைப் பெட்டியே தயாரிக்கிறது. சர்வரில் பதிவாகாத நிலையிலும் சில பெட்டிகள் டயல் டோன் தரும். சில பெட்டிகள் பிஸி டோன் தரும். ஆகவே டயல் டோன் கேட்டால் போனும் ஒயரும் பெட்டியும் சரி என்பது மட்டுமே உறுதியாகும்; இணையத்தைப் பற்றி அது எதையும் சொல்லாது. ஒயர், நெட்வொர்க், பதிவு, குரல் என்ற நான்கையும் தனித்தனியாகச் சோதித்து, ஒன்று தேறிய பிறகே அடுத்ததற்குப் போவதுதான் இந்த வேலையின் முறை. நான்கையும் ஒன்றாக மாட்டிவிட்டு வேலை செய்யவில்லையே என்று தேடுபவருக்கு அரை நாள் வீணாகும்.

முதற்படி: போனும் ஒயரும்

போனின் அடியிலோ பக்கவாட்டிலோ டோன், பல்ஸ் என்று மாற்றும் சிறு ஸ்விட்ச் இருக்கலாம். அதை டோன் பக்கம் தள்ளி வையுங்கள். வட்டத்தைச் சுழற்றும் மிகப் பழைய போன் என்றால் அது பல்ஸ் மட்டுமே அனுப்பும்: 3 சுழற்றினால் சுற்று மூன்று முறை துண்டிக்கப்பட்டு இணையும், 0 சுழற்றினால் பத்து முறை. இதைப் புரிந்துகொள்ளும் பெட்டிகளும் உண்டு, புரிந்துகொள்ளாதவையும் உண்டு. அந்த மாதிரிப் போன் வைத்திருப்பவர்கள் பல்ஸ் டயலிங் ஏற்கப்படும் என்று பெட்டியின் விவரக்குறிப்பில் இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும். கார்ட்லெஸ் போனின் அடிப்பீடத்தைத் தாராளமாக இணைக்கலாம். ஆனால் அலுவலக இன்டர்காமோடு வந்த, வரிசையாகப் பட்டன்களும் திரையும் கொண்ட டிஜிட்டல் கீ போன்கள் அந்தந்த நிறுவனத்தின் இன்டர்காமோடு மட்டுமே பேசும். அவை இதற்கு உதவாது.

முதலில் போனைப் பெட்டியின் துளையில் நேரடியாக, ஒரு மீட்டர் ஒயரில் செருகிச் சோதியுங்கள். வீட்டுச் சுவருக்குள் ஓடும் பழைய ஒயரைப் பயன்படுத்தி மாடியிலோ சமையலறையிலோ உள்ள போனையும் இணைக்க வேண்டும் என்றால் அது இரண்டாவது கட்டம். அப்படிச் செய்யும் முன், வெளியிலிருந்து வரும் நிறுவனத்தின் ஒயர் ரோசெட் பெட்டியில் (சுவரில் உள்ள பழைய தொலைபேசி இணைப்புப் பெட்டியில்) முறுக்கப்பட்டிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதை முழுவதுமாகக் கழற்றி நுனிகளைத் தனித்தனியே டேப் சுற்றி ஒதுக்கிவிடுங்கள். நீண்ட நாளாகச் செத்துக் கிடக்கும் லைன் என்றாலும் கழற்றத்தான் வேண்டும். பெட்டியும் மின்சாரம் கொடுக்கிறது, எக்ஸ்சேஞ்சும் மின்சாரம் கொடுக்கிறது. இரண்டும் ஒரே ஒயரில் மோதினால் பெட்டி கெட்டுப்போகும். ஒயரைக் கையால் பிடித்திருக்கும்போது அழைப்பு வந்தால் மணி மின்னழுத்தம் சுருக்கென்று அடிக்கும் என்பதால், இந்த வேலையைப் பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். பல போன்களை ஒரே துளையில் இணைத்தால் எல்லாவற்றின் மணியையும் அடிக்கும் சக்தி பெட்டிக்கு இருக்காது. குறிப்பாக இரும்பு மணி கொண்ட பழைய போன்கள் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் படி: நெட்வொர்க்

பெட்டியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணைத்து, மின்சாரம் கொடுத்து, விளக்குகள் நிலைபெறும் வரை காத்திருங்கள். பிறகு ரிசீவரை எடுத்து நட்சத்திரப் பட்டனை மூன்று முறை அழுத்தினால் ஒரு குரல் மெனு பேசும். அதில் 02 அழுத்தினால், 192.168.1.37 என்பது போன்ற தன் முகவரியை ஒவ்வோர் எண்ணாகச் சொல்லும். குறித்துக்கொள்ளுங்கள். பூஜ்யங்களாகச் சொன்னால் ரவுட்டர் முகவரி தரவில்லை என்று பொருள். கேபிளை மாற்றிப் பாருங்கள்.

அதே ரவுட்டரில் இணைந்துள்ள கணினியின் பிரவுசரில் அந்த முகவரியை இட்டால் பெட்டியின் அமைப்புப் பக்கம் திறக்கும். பழைய பெட்டிகளில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்தான். புதிய பெட்டிகளில் கடவுச்சொல் அடியில் உள்ள ஸ்டிக்கரில் அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு, ஃபர்ம்வேரை (பெட்டிக்குள் இயங்கும் மென்பொருளை) புதுப்பித்துவிடுங்கள். ரவுட்டரிலும் இந்தப் பெட்டிக்கு எப்போதும் அதே முகவரியைத் தரும்படி ஒதுக்கி வைத்தால், பின்னொரு நாள் பக்கத்தைத் திறக்கத் தேட வேண்டியிருக்காது.

ரவுட்டரில் செய்ய வேண்டிய இன்னொரு முக்கியமான வேலை, சிப் ஏஎல்ஜி என்ற வசதியை அணைப்பது. அழைப்புப் பாக்கெட்டுகளுக்குள் இருக்கும் முகவரிகளைத் திருத்தி உதவுவதற்காக வைக்கப்பட்ட வசதி அது; நடைமுறையில் பல ரவுட்டர்களில் அரைகுறையாகத் திருத்தி அழைப்பையே கெடுக்கிறது. அது இருக்கும் இடம் மெனுவுக்கு மெனு மாறும். பெரும்பாலும் பாதுகாப்பு அல்லது நாட் (NAT, வீட்டுக்குள் உள்ள முகவரிகளை வெளி முகவரியாக மாற்றும் வசதி) என்ற தலைப்பின் கீழ் கிடைக்கும்.

மூன்றாம் படி: சர்வரில் பதிவு

ஃப்ரீபிபிஎக்ஸ் பக்கத்தில் 204 என்ற எக்ஸ்டென்ஷனை உருவாக்கியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஒரு நீண்ட ரகசியச் சொல்லைத் தானாகவே தரும். அதை எளிமையாக்கி 204204 என்று மாற்ற வேண்டாம். இணையத்தில் இத்தகைய எண்களை ஊகித்துப் பார்த்து உள்ளே நுழைந்து வெளிநாட்டு அழைப்புகள் செய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பெட்டியின் எஃப்.எக்ஸ்.எஸ். பக்கத்தில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் நான்கே. பிரைமரி சிப் சர்வர் என்ற இடத்தில் சர்வரின் முகவரி. சிப் யூசர் ஐடியில் 204. ஆதென்டிகேட் ஐடியிலும் 204. ஆதென்டிகேட் பாஸ்வேர்டில் அந்த ரகசியச் சொல். சிப் சேவை நிறுவனத்தின் எண் என்றால் யூசர் ஐடியும் ஆதென்டிகேட் ஐடியும் வேறு வேறாக இருக்கக்கூடும். அவர்கள் அனுப்பிய கடிதத்தில் உள்ளபடியே இடுங்கள். சர்வர் வழக்கமான 5060 போர்ட்டில் (போர்ட் என்பது சர்வரின் வாசல் எண் போன்றது) இல்லையென்றால், முகவரிக்குப் பின் முக்காற்புள்ளியிட்டு போர்ட் எண்ணையும் சேர்க்க வேண்டும். சர்வர் உங்கள் வீட்டுக்கு வெளியே இருந்தால் நாட் டிராவர்சல் என்ற இடத்தில் கீப் அலைவ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரவுட்டர் சிறிது நேரம் போக்குவரத்து இல்லாவிட்டால் வழியை மூடிவிடும். இந்த அமைப்பு அவ்வப்போது ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி வழியைத் திறந்தே வைத்திருக்கும். இது இல்லாதபோது, வெளியே அழைக்க முடியும், ஆனால் சில நிமிடங்கள் கழித்து உள்ளே வரும் அழைப்பு மணியடிக்காது என்ற விசித்திரமான கோளாறு வரும்.

சேமித்து, பெட்டியை மறுதொடக்கம் செய்த பிறகு ஸ்டேட்டஸ் பக்கத்தைப் பாருங்கள். ரெஜிஸ்டர்டு என்று காட்டினால் மூன்றாம் படி தேறியது. காட்டாவிட்டால் காரணம் பெரும்பாலும் கடவுச்சொல்லை ஒட்டும்போது சேர்ந்த இடைவெளி, சர்வர் முகவரிப் பிழை, அல்லது தவறான முயற்சிகளைக் கண்டு சர்வரின் தடுப்பு மென்பொருள் உங்கள் முகவரியையே முடக்கியது ஆகிய மூன்றில் ஒன்று.

நான்காம் படி: குரல்

கோடெக் என்பது குரலைச் சுருக்கும் முறை. ஜி.711 முறையில் குரலுக்கு விநாடிக்கு 64 கிலோபிட் செலவாகும். பாக்கெட்டுகளின் தலைப்புகளையும் சேர்த்தால் ஒவ்வொரு திசையிலும் ஏறத்தாழ 87 கிலோபிட். ஜி.729 முறையில் இது 31 கிலோபிட் அளவுக்குக் குறைகிறது. ஃபைபர் இணைப்பில் இந்தச் சிக்கனத்துக்கு எந்தத் தேவையும் இல்லை. குரலின் தெளிவுக்கும் ஃபேக்ஸுக்கும் ஜி.711தான் நல்லது. அதிலும் ஏ-லா, மியூ-லா என்று இரண்டு வகைகள் உண்டு. இந்தியாவும் ஐரோப்பாவும் ஏ-லா. வட அமெரிக்காவும் ஜப்பானும் மியூ-லா. அமெரிக்கச் சந்தைக்கான முன்னமைப்போடு வரும் பெட்டியில் ஏ-லாவை முதலிடத்துக்கு மாற்றிவிடுங்கள்.

எண் அழுத்தும் ஓசையை அனுப்பும் முறைக்கு ஆர்எஃப்சி 2833 என்பதை முதல் தேர்வாக வையுங்கள். வங்கியின் தானியங்கி மெனுவில் ‘ஒன்றை அழுத்தவும்’ என்றதும் அழுத்தியும் மறுமுனைக்குப் போய்ச் சேரவில்லையென்றால், பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எல்லாம் சரியாக இருந்தும் பெட்டியின் டயல் டோன் அந்நியமாக ஒலிக்கும். 350, 440 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஓசைகள் கலந்த அமெரிக்க டோன் அது. நம் காதுக்குப் பழகிய இந்திய டயல் டோன் 25 ஹெர்ட்ஸில் அதிரும் 400 ஹெர்ட்ஸ் ஓசை. பிஸி டோன் 0.75 விநாடி ஒலித்து 0.75 விநாடி நிற்கும். மறுமுனையில் மணியடிக்கும்போது நமக்குக் கேட்பது 0.4 விநாடி ஒலி, 0.2 இடைவெளி, மீண்டும் 0.4 ஒலி, 2 விநாடி மௌனம். கால் ப்ராக்ரஸ் டோன்கள் என்ற பகுதியில் இந்த அளவுகளை இட்டு மாற்றலாம். இது வெறும் பழக்கத்துக்காக அல்ல என்பது பின்னால் இன்டர்காம் பற்றிச் சொல்லும்போது தெரியும். அழைப்பவர் எண் போனின் திரையில் வராவிட்டால், காலர் ஐடி முறையை எஃப்எஸ்கே, டிடிஎம்எஃப் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். இந்தியச் சந்தைக்கு வந்த போன்கள் பலவும் இரண்டில் ஏதேனும் ஒன்றைப் படித்துவிடும்.

இனி, எண்ணை அழுத்தி முடித்த பிறகும் சில விநாடிகள் எதுவும் நடக்காமல் இருப்பது. நீங்கள் இன்னும் அழுத்துவீர்களா என்று பெட்டி காத்திருக்கிறது. இறுதியில் ஹேஷ் பட்டனை அழுத்தினால் உடனே அழைக்கும். இதை எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பதைவிட பெட்டியின் டயல் பிளானில் (எந்த எண் எத்தனை இலக்கம் என்று சொல்லும் கட்டத்தில்) விதி எழுதுவது மேல்: 2-இல் தொடங்கும் மூன்று இலக்கம் எக்ஸ்டென்ஷன், 0-இல் தொடங்கும் பதினொரு இலக்கம் வெளி எண் என்று எழுதினால் கடைசி இலக்கம் விழுந்ததும் அழைப்பு கிளம்பும். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து மொபைலை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்ற விதி இருப்பதால், இரண்டாவது விதி பெரும்பாலான அழைப்புகளுக்குப் பொருந்தும். 112 என்ற அவசர எண் தடைபடாமல் போக ஒரு தனி விதி எழுதி, உங்கள் சர்வர் அதை வெளியே அனுப்புகிறதா என்பதையும் நிர்வாகியிடம் உறுதிசெய்துகொள்ளுங்கள். அவசரக் காவல் அறைக்கு இந்த எண் பதிவான முகவரிதான் தெரிய வாய்ப்பிருக்கிறதே தவிர, பெட்டியை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனது தெரியாது.

சோதனையும் கோளாறுகளும்

ஃப்ரீபிபிஎக்ஸில் *43 அழுத்தினால் எக்கோ டெஸ்ட் கிடைக்கும்: நீங்கள் பேசுவது சர்வருக்குப் போய் உங்களுக்கே திரும்பி வரும். குரல் தெளிவாகத் திரும்பினால் இரு திசையிலும் வழி திறந்திருக்கிறது. ஒன்றுமே கேட்காவிட்டால், அழைப்பு இணைந்திருந்தும் குரல் பாக்கெட்டுகள் தொலைகின்றன. அழைப்பை ஏற்படுத்தும் பேச்சு வார்த்தை 5060 போர்ட்டில் நடக்கிறது. குரலோ வேறு போர்ட்டுகளில், ஆஸ்டரிஸ்க்கின் முன்னமைப்பில் 10000 முதல் 20000 வரை, பயணிக்கிறது. ஒருவர் பேசுவது மட்டும் கேட்கிறது என்ற புகார் வந்தால் சர்வர் பக்கத்து ஃபயர்வாலில் இந்த வரிசை திறந்திருக்கிறதா, சர்வர் தன் வெளி முகவரியைச் சரியாக அறிந்திருக்கிறதா, உங்கள் ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அழைப்பு ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 32 விநாடியில் அறுந்தால் அது தற்செயல் அல்ல. அழைப்பு எடுக்கப்பட்டதற்கான ஒப்புதல் செய்தி மறுமுனைக்குப் போய்ச் சேராதபோது, சிப் விதிப்படி அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டு மறுமுனை துண்டிக்கிறது. மருந்து மேலே சொன்ன முகவரிச் சிக்கலைத் தீர்ப்பதுதான். நள்ளிரவில் 100, 1000 போன்ற எண்களிலிருந்து மணியடித்து, எடுத்தால் யாருமே இல்லையென்றால், இணையத்தில் திறந்த பெட்டிகளைத் தேடி அலையும் நிரல்கள் உங்கள் பெட்டியைத் தட்டிப் பார்க்கின்றன. சிப் சர்வரிடமிருந்து வரும் செய்திகளை மட்டும் ஏற்கும் அமைப்பை இயக்கினால் அந்த மணி நின்றுவிடும்.

எதிரொலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். போனில் பேசுவதும் கேட்பதும் ஒரே இரண்டு கம்பிகளில் நடக்கின்றன. பெட்டிக்குள் அவை இரண்டு தனித் திசைகளாகப் பிரிக்கப்படுகின்றன. இந்தப் பிரிப்பு சரியாகப் பொருந்தாதபோது வந்த குரலில் ஒரு பகுதி திரும்பிப் போகிறது. செப்புக் கம்பியிலும் இது இருந்தது. தாமதம் மிகக் குறைவு என்பதால் காதுக்குத் தெரியவில்லை. இணையத்தில் பாக்கெட்டாக்கவும் இடைவெளிகளைச் சமன்செய்யவும் நேரமாவதால் அதே சத்தம் எதிரொலியாகிவிடுகிறது. ஆகவே எதிரொலி கேட்பவர் ஒருவர், அதற்குக் காரணமான கருவி இருப்பது எதிர்முனையில். உங்களிடம் பேசுபவர்கள் எல்லாரும் தங்கள் குரலே திரும்பி வருகிறது என்றால் திருத்த வேண்டியது உங்கள் பெட்டியை. எஸ்எல்ஐசி (போன் லைனை இயக்கும் சுற்று) என்ற அமைப்பில் நாட்டுப் பெயர்களோடு உள்ள மின்தடைத் தெரிவுகளை மாற்றிப் பார்ப்பதும், ஒலியளவை ஓரிரு படி குறைப்பதும் பெரும்பாலும் போதும். குரல் வெட்டி வெட்டி வருவது வேறு கதை. பெட்டி வைஃபை ரிப்பீட்டர் வழியாக இணைந்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

இன்டர்காம், ஃபேக்ஸ்

இன்டர்காம் வைத்திருக்கும் விடுதிகளும் மருந்தகங்களும் ஒவ்வொரு போனுக்கும் பெட்டி வாங்க வேண்டியதில்லை. வெளி லைன் வந்து சேரும் துளையில் பெட்டியின் எஃப்.எக்ஸ்.எஸ். ஒயரைச் செருகினால், இன்டர்காம் அதை எக்ஸ்சேஞ்ச் லைன் என்றே எடுத்துக்கொள்ளும். வரும் சிக்கல் ஒன்றுதான்: மறுமுனை வைத்துவிட்டது இன்டர்காமுக்குத் தெரியாமல் லைன் பிடித்தபடியே நிற்பது. பெட்டியில் அழைப்பு முடிந்ததும் மின்னோட்டத்தைச் சற்றே துண்டிக்கும் அமைப்பையோ, துருவத்தை மாற்றும் அமைப்பையோ இயக்குங்கள். இன்டர்காம் அதையும் கவனிக்காத பழைய வகையென்றால் பிஸி டோனைக் கேட்டுத்தான் லைனை விடும். அமெரிக்க பிஸி டோன் அதற்குப் புரியாது, மேலே சொன்ன 400 ஹெர்ட்ஸ் அளவுகள் அங்கேதான் வேலைக்கு வரும்.

எஃப்.எக்ஸ்.ஓ. துளை உள்ள பெட்டியை வாங்கி, இணையத்தில் வரும் வெளிநாட்டு அழைப்புகளை உங்கள் உள்ளூர் லைனில் இறக்கிவிடும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே அதைச் செய்யலாம். மற்றவர் செய்தால் சட்டவிரோத எக்ஸ்சேஞ்ச் நடத்திய வழக்காகும்.

ஃபேக்ஸ் இயந்திரத்தை இணைப்பவர்கள் சர்வரும் சேவை நிறுவனமும் டி.38 என்ற, ஃபேக்ஸை இணையத்தில் அனுப்பும் முறையை ஏற்கிறார்களா என்று கேட்டு அதை இயக்கலாம், இல்லையெனில் ஜி.711இல் நேரடியாக அனுப்பி, இயந்திரத்தின் வேகத்தை விநாடிக்கு 9600 பிட்டுக்குக் குறைத்துப் பாருங்கள். அப்போதும் பல பக்கக் கடிதம் பாதியில் நிற்கக்கூடும்.

மின்சாரம்

செப்புக் கம்பிப் போனுக்கு எக்ஸ்சேஞ்சின் பேட்டரி சோறு போட்டது. ஊரே இருண்டாலும் அது பேசும். இப்போது ஃபைபர் மோடம், ரவுட்டர், பெட்டி என மூன்றுக்கும் மின்சாரம் வேண்டும், ஒன்று அணைந்தாலும் போன் செத்துவிடும். ரவுட்டர்களுக்கென்று விற்கும் மினி யூபிஎஸ் வாங்கும்போது வோல்டேஜைப் பாருங்கள்: மோடம்கள் பெரும்பாலும் 12 வோல்ட், எச்.டி.801 பெட்டியோ 5 வோல்ட். இரண்டு வெளியீடும் உள்ள யூபிஎஸ் கிடைக்கிறது. 12 வோல்ட் முனையைப் பெட்டியில் செருகிவிடாதபடி அந்த ஒயரில் ஒரு துண்டு வண்ண டேப் சுற்றி வையுங்கள். பிறகு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, போனிலிருந்து உங்கள் மொபைலுக்கு ஓர் அழைப்பு செய்து, அரை மணி நேரம் கழித்து மறுபடியும் அழைத்துப் பாருங்கள்.